நட்சத்திரம் கட்டும் முன்: பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கிறிஸ்மஸ் நம்பிக்கையைத் தேட ஒரு வழிகாட்டி

நவம்பர் கடைசியில் பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டி இறங்கும். போன வருடத்து நட்சத்திரம், சிக்குப் பிடித்த சீரியல் செட், செய்தித்தாளில் சுற்றிய மேய்ப்பர்கள், ஒரு காது உடைந்த கழுதை. அந்தப் பெட்டியை யார் திறப்பது என்று தங்கையோடு அடித்துக்கொண்ட என் மகன், பத்தாம் வகுப்பு வந்த வருடம் கட்டிலில் சாய்ந்தபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்களே கட்டுங்கம்மா" என்றான்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பை நான் எடுக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. இதே வார்த்தையை எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஆலோசனை சொன்ன எனக்கு, என் வீட்டில் கேட்டபோது கோபம்தான் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் என் அம்மா இறந்திருந்தார்கள். அவனைத் தூக்கி வளர்த்த ஆச்சி. "பிள்ளைகளுக்காக" வழக்கம்போலக் கொண்டாடிவிடலாம், அதைப் பற்றிப் பேசி அழ வேண்டாம் என்று பெரியவர்கள் நாங்கள் முடிவு செய்திருந்தோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் நடந்ததை மூடிவைத்துவிட்டு விளக்கை மட்டும் போடுகிறார்களே என்பதுதான் அவன் மனதில் இருந்தது என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

கீழே உள்ள படிகள் அந்த டிசம்பரிலும் அதற்குப் பிறகு வகுப்பிலும் தட்டுத்தடுமாறிக் கற்றவை. எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றில்லை. முதல் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எதைத் தேடுகிறோம்?

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம். "அவன்மேல நம்பிக்கை இருக்கு" என்கிறோம், "நல்ல மார்க் வரும்னு நம்பிக்கை" என்கிறோம், மூடநம்பிக்கை என்றும் சொல்கிறோம். நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. 1 கொரிந்தியர் 13இன் கடைசி வசனத்தில் இரண்டும் அன்போடு சேர்ந்து மூன்றாக நிற்கின்றன.

கத்தோலிக்க சபையில் இதற்கு எதிர்நோக்கு என்ற சொல் உண்டு. 2025 யூபிலி என்ற புனித ஆண்டின் கருப்பொருளைக்கூட 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்றுதான் தமிழில் சொன்னார்கள். நான் சிஎஸ்ஐக்காரி, அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட், என்றாலும் அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு ஆசை. மழை பெய்யும்போது பஸ் ஸ்டாப்பில் அப்பாவுக்காக நிற்கிற பிள்ளையின் நிலை அது. மழை நிற்கவில்லை, பையும் நனைகிறது, ஆனாலும் கண் சாலையில் இருக்கிறது, ஏனென்றால் வருகிறவரைத் தெரியும். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லித் தலையைத் தடவுவதை இந்தப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சரியாகாமல் போனவற்றை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

முதல் படி: இந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று பேசுங்கள்

கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காத்திருப்புக் காலம்தான் அட்வென்ட். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே வரும். பெட்டி இறங்குவதற்கு முன், அந்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் அப்பாவும் அம்மாவும் தனியாக உட்காருங்கள். இந்த வருடம் இந்த வீடு எதை இழந்தது? ஒரு ஆள், ஒரு வேலை, நீட்டில் ஒரு வருடம், ஒரு நட்பு, வாடகை கூடியதால் விட்டு வந்த பழைய வீடு. பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிற கடன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும். நம் வீடுகளின் சுவர் அவ்வளவு கனமானதல்ல.

பிறகு பிள்ளையிடம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே பேசுவதைவிடப் பக்கத்தில் இருந்து பேசுவார்கள். ட்யூஷனுக்குக் கூட்டிப்போகும்போது பைக்கின் பின் சீட்டிலிருந்து, முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கும்போது அடுப்படி வாசலில் நின்று, கரண்ட் போன ராத்திரி மொட்டைமாடியில். எங்கள் வீட்டில் அது துணி மடிக்கும்போது நடந்தது.

"என்ன மக்கா, இந்த வருஷம் உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

இந்தப் பதில் வந்ததும் பலர் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் குடைகிறோம். நான் அன்று வேறு வழி தெரியாமல் என்னுடையதைச் சொன்னேன். "எனக்கு ஆச்சி ரூம் கதவைத் திறக்கவே முடியல. கூட்டக்கூட உள்ள போகாம வாசல்ல நின்னுட்டு வந்துடுறேன்." அவன் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தான். பிறகு, "நான் தினம் ராத்திரி போய் ஆச்சி கட்டில்ல உட்காருவேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

இங்கே ஒரே ஒரு விதி: அன்றைக்கு வசனம் சொல்லாதீர்கள். ஒரு நாள் கழித்துச் சொல்லலாம். வலியைச் சொன்ன வாய் மூடும் முன் வசனம் வந்தால், வாயை மூடத்தான் வசனம் வந்தது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஏசாயா 9இல் "இருளில் நடக்கிற ஜனங்கள்" என்று முதலில் பெயர் சொல்லிவிட்டுத்தான் வெளிச்சம் வருகிறது.

இரண்டாம் படி: டிசம்பர் நாட்காட்டியில் இரண்டை வெட்டுங்கள்

அரையாண்டுத் தேர்வு, வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிறு பள்ளி நாடகம், வாலிபர் கூட்டத்துக் கிறிஸ்மஸ் மரம், கிறிஸ்மஸ் ஃப்ரெண்டுக்குப் பரிசு, பள்ளியில் ஒரு விழா, தெருவில் ஒரு விழா. இத்தனையும் இருபது நாளுக்குள். களைத்த பிள்ளைக்கு எந்த நம்பிக்கைச் செய்தியும் ஏறாது. எதை விடுவது என்பதில் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அது உங்களுக்குப் பிடித்த கேரல் ரவுண்ட்ஸாக இருந்தாலும் சரி.

தேர்வு விஷயத்தில் எங்கள் வகுப்புக்குப் பிடித்த ஒன்று உண்டு. பவுல் எழுதிய ரோமர் 5இல், "உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது" என்று வரும். அங்கே பரீட்சை என்பது புடமிட்டுத் தேறிய நிலை. அரையாண்டுப் பரீட்சை நம்பிக்கையை உண்டாக்குமா என்று ஒரு பையன் கேட்டு வகுப்பே சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கியபின் அவனே, "பவுல் மார்க்கைச் சொல்லலியே டீச்சர், தாங்கிக்கிட்டதைத்தானே சொல்றாரு" என்றான். நான் அதைவிட நன்றாக விளக்கியிருக்க மாட்டேன்.

மூன்றாம் படி: லூக்கா 1, 2 அதிகாரங்களை, 132 வசனங்களையும் வாசியுங்கள்

லூக்காவில் 24 அதிகாரம் இருப்பதால் டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று என்று வாசிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்லதுதான். ஆனால் தேர்வு நேரத்தில் மூன்றாம் நாளே விட்டுப்போய், குற்ற உணர்ச்சியில் கிறிஸ்மஸ் வந்து சேரும். எனக்கு வேறு கணக்கு. முதல் அதிகாரம் 80 வசனம், இரண்டாவது 52. நாளுக்கு ஐந்தாறு வசனம் என்றால் 24 நாளில் முடிந்துவிடும். ராத்திரி ஜெபத்துக்கு முன் மூன்று நிமிடம் போதும். பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் பிரசங்கம் பண்ண வேண்டாம். "இதுல உனக்கு எது இடிக்குது?" என்ற ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பிடித்த வசனம் எது என்று கேட்டால் நமக்குப் பிடிக்கும் பதிலாகத் தேடிச் சொல்வார்கள். இடிப்பதைக் கேட்டால் உண்மை வரும்.

மெதுவாக வாசிக்கும்போதுதான் குடிலில் இல்லாத விஷயங்கள் கண்ணில் படும்.

மரியாளின் வயதை வேதாகமம் சொல்லவில்லை. அந்தக் காலத்து யூத வழக்கப்படி பெண்ணுக்கு நிச்சயம் நடப்பது பதின்ம வயதில். அதாவது நம் வகுப்பில் பின் பெஞ்சில் உட்காரும் வயது. தேவதூதன் வந்து சொன்னதும் அந்தப் பெண் முதலில் சொன்ன வார்த்தை ஆமென் இல்லை. "இது எப்படியாகும்?" என்ற கேள்வி. கேள்வி கேட்டதற்கு அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை, பதில்தான் வந்தது. வீட்டில் கேள்வி கேட்கும் பிள்ளையை "விசுவாசக் குறைவு" என்று அடக்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

நாசரேத்திலிருந்து பெத்லகேம் நேர்கோட்டிலேயே சுமார் 110 கிலோமீட்டர். திருநெல்வேலியில் புறப்பட்டு விருதுநகரைத் தாண்டிப் போவது மாதிரி, மலைப்பாதையில், கர்ப்பிணிப் பெண்ணோடு. அரசாங்கம் பேர் எழுதச் சொன்னதால் போன பயணம். கழுதையில் போனார்கள் என்று லூக்கா எழுதவில்லை. எங்கள் குடிலில் கழுதை இருக்கிறது, அது வேறு விஷயம்.

யோசேப்பு பேசிய ஒரு வார்த்தைகூட நான்கு சுவிசேஷங்களிலும் கிடையாது. வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அநேகருக்கு வீட்டில் அப்படி ஒரு அப்பா உண்டு. பேச மாட்டார், ராத்திரி எழுந்து பிள்ளைக்காக ஓடுவார். மத்தேயு 2இல் யோசேப்பு செய்ததும் அதுதான். இரவிலேயே எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜா ஏரோதுக்குக் கடையில் பொம்மை விற்பதில்லை. ஆனால் பெத்லகேமில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் அழுகையும் அதே அதிகாரத்தில், கிறிஸ்மஸ் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசிக்காமல் தாண்டுகிற வீட்டில், அழுகிற பிள்ளை தனக்கு இந்தக் கதையில் இடமில்லை என்று நினைத்துவிடும்.

இன்னொன்று. லூக்கா 2ஐ நாம் மேய்ப்பர்கள் திரும்பிப்போகும் 20ஆம் வசனத்தோடு மூடிவிடுகிறோம். அதே அதிகாரத்தின் கடைசியில் பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் மூன்று நாள் தேடி அலைகிற அம்மா அப்பா இருக்கிறார்கள். கண்டுபிடித்ததும், "மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று அம்மா கேட்கிறாள். மகன் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறான், அது அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா பச்சையாக எழுதுகிறார். ஆனாலும் மூவரும் சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் இது தெரிந்த காட்சிதான். முன்னணையில் தொடங்கிய அதிகாரம் இங்கேதான் முடிகிறது.

நான்காம் படி: மெழுகுவர்த்தியும் மடித்த சீட்டும்

அட்வென்ட் வளையம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற போதகரிடம், "கிறிஸ்மஸ் எப்ப வரும், எப்ப வரும்" என்று அந்தப் பிள்ளைகள் நச்சரித்தார்கள். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்ன மெழுகுவர்த்தியும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக் காத்திருப்பைக் கண்ணால் காட்ட ஒரு சக்கரம் தேவைப்பட்டது.

நம் வீட்டில் ஒரு தாம்பாளமும் நான்கு மெழுகுவர்த்தியும் போதும். கத்தோலிக்கர் மூன்று ஊதாவும் மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஸும் வைப்பார்கள். கடையில் வெள்ளைதான் கிடைத்தது என்றால் வெள்ளையே போதும். முதல் ஞாயிறு சாயங்காலம் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் இருட்டில் உட்காருங்கள். அந்த ஒரு நிமிடம் நீளமாக இருக்கும், சின்னவள் சிரிப்பாள். பிறகு ஒரே ஒரு திரி.

ஏற்றியதும் ஆளுக்கொரு சின்னக் காகிதம். இந்த வருடம் கடவுளிடம் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, அல்லது கேட்கவே பயமாக இருக்கும் ஒன்றை எழுதி மடித்து, குடிலில் வைக்கோலுக்கு அடியில் வையுங்கள். அப்பாவும் எழுத வேண்டும். யாருடைய சீட்டையும் யாரும் பிரிக்கக் கூடாது. இந்த வாக்கை அம்மாக்கள்தான் முதலில் மீறுவோம். நான் இரண்டு தடவை குடில் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

எழுத வார்த்தை வராத பிள்ளைக்கு வேதாகமத்தில் சங்கீதம் 13ஐக் காட்டுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேராகத் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போய், கடைசி வரிவரை விடியாமலே முடிகிறது. கடவுளிடம் இப்படிப் பேசலாம் என்று தெரியாததால்தான் பல பிள்ளைகள் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தப் பகுதி பிள்ளைகளுக்கு

சபையில் எல்லாரும் கை உயர்த்திப் பாடும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? நீ மட்டும் நடிப்பதுபோல இருக்கிறதா? யோவான் ஸ்நானகனை நினைத்துக்கொள். லூக்கா 1இல், மரியாளின் குரல் கேட்டதும் தாய் வயிற்றிலேயே துள்ளிய பிள்ளை அவன். கிறிஸ்மஸைப் பிறக்கும் முன்பே கொண்டாடியவன். முப்பது வருடம் கழித்துச் சிறையில் இருந்துகொண்டு ஆள் அனுப்புகிறான்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" மத்தேயு 11இல் இருக்கிறது. இயேசு அவனைத் திட்டவில்லை. அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்கிறார். உன் சந்தேகத்தை உன் போதகரிடமோ, எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல ஐயரிடமோ, கேட்கலாம். கேட்டால் குறைந்துபோக மாட்டாய்.

பண்டிகை என்றாலே உன் வீட்டில் குடியும் சண்டையும் என்றால், அது உன் தப்பு இல்லை. உன் ஜெபம் போதாமல் அது நடக்கவில்லை. 24ஆம் தேதி ராத்திரி எந்த வீட்டுக்குப் போகலாம் என்று முன்கூட்டியே ஒரு சித்தியிடமோ மாமாவிடமோ பேசி வைத்துக்கொள். ஆபத்து என்றால் 1098க்குப் போன் பண்ணு. அது பிள்ளைகளுக்கான இலவச எண்.

மற்றவர்களின் மேட்சிங் உடையையும் ஐந்தடுக்குக் கேக்கையும் போனில் பார்த்து மனம் சுருங்கினால், அந்தப் படம் எடுக்கும் முன் அந்த வீட்டில் என்ன சண்டை நடந்தது என்று யோசித்துப் பார். உன் வீட்டுப் படத்துக்கு முன் நடந்தது உனக்குத் தெரியுமே.

ஜெபத்தோடு சேர்த்து மருத்துவரும் தேவைப்படும் நேரம்

பெற்றோருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோகம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ சாப்பாடோ மாறிப்போய், பிடித்த விளையாட்டும் நண்பர்களும் வேண்டாம் என்றாகி, "நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லது" என்பது போன்ற பேச்சு வந்தால், பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிடித்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலும் கவனியுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல வழி கிடைக்கும். தனியாக விடாதீர்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் தமிழிலும் பேசும். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். "பிசாசின் போராட்டம்", "ஜெபம் குறைச்சல்" என்று யார் சொன்னாலும், காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோலவே இதற்கும் போங்கள். ஜெபத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: துக்க வீட்டு வாசலில் ஒரு பாட்டு

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் பெரும்பாலும் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். மரியாதையான வழக்கம். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது தபேலாவும் கித்தாரும் அந்த வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே அடங்கி, பிள்ளைகள் பூனை மாதிரிக் கடந்துபோய், நான்கு வீடு தள்ளி மறுபடி தொடங்குவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த வருடம் நான் உள்ளே இருந்தேன். எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் எங்கள் வாலிபர்களிடம் சொன்னேன். தபேலா வேண்டாம், தொப்பி வேண்டாம், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் வண்டியிலேயே இருக்கட்டும். நாலைந்து பேர் மட்டும் வாசலில் நின்று மெதுவான ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். ஜெபத்தில் இறந்தவரின் பேரைச் சொல்ல வேண்டும். காணிக்கை உறையை நீட்டக் கூடாது. போகும் முன் அந்த வீட்டில் முதல் நாளே சொல்லி, வரலாமா என்று கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

என் மகனும் போனான். திரும்பி வந்து, "அந்தத் தாத்தா என் கையை விடவே இல்லம்மா" என்றான். அவருடைய மனைவி அந்த ஜூனில் இறந்திருந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளையிடம், உனக்கு ஆறுதல் கிடைக்கும் என்று நூறு தடவை சொல்வதைவிட, அவன் கையைப் பிடித்துக்கொள்ளும் ஒருவரிடம் அவனை அனுப்புவது மேல் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாவது வாரமே இதற்கு நாள் குறித்துவிடுங்கள். கடைசி வாரம் என்றால் நேரமிருக்காது. மழையும் குறுக்கே வரும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணிக் கரை முழுக்க வெள்ளக்காடானபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியபோது, கேரல் குழுப் பையன்கள் பலர் பாட்டை விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டப் போனார்கள். அதையும் ரவுண்ட்ஸ் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஆறாம் படி: பணம்

சுருக்கமாக: இந்த வருடம் கிறிஸ்மஸ் செலவுக்கு இவ்வளவுதான் இருக்கிறது என்ற தொகையைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் சொல்லுங்கள். துணிக்கு எவ்வளவு, பலகாரத்துக்கு எவ்வளவு, கொடுப்பதற்கு எவ்வளவு என்று அவர்களே பிரிக்கட்டும். கடன் வாங்கி எடுத்த உடையைவிட, கணக்கு தெரிந்து எடுத்த உடையைப் பிள்ளைகள் சந்தோஷமாகப் போட்டுக்கொள்கிறார்கள். கொடுக்கிற பங்கில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

ஏழாம் படி: 24 ராத்திரியும் 25 விடியலும்

கத்தோலிக்கருக்கு நடுராத்திரித் திருப்பலி, எங்களைப் போன்ற பல சபைகளில் விடியற்காலை நாலு மணி ஆராதனை. இரண்டிலுமே பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில்தான் வருவார்கள். மேய்ப்பர்களும் ராத்திரி ஷிப்டில் இருந்தவர்கள்தானே. அதனால் கொட்டாவிக்குத் திட்ட வேண்டாம்.

சண்டை வரும் நேரம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் நடுவே. இஸ்திரி போடாத சட்டை, காணாமல்போன வளையல், வண்டிச் சாவி. அதை முதல் நாள் சாயங்காலமே முடித்துவைத்தால் பாதிக் கிறிஸ்மஸ் காப்பாற்றப்படும். ஆராதனை முடிந்து வந்ததும் ஐந்தாவது மெழுகுவர்த்தி, வெள்ளை நிறத்தில், நான்குக்கும் நடுவே. பிள்ளையை ஏற்றச் சொல்லுங்கள். இருப்பதிலேயே சின்னவர் ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. அந்த வருடம் தங்கை தீப்பெட்டியை அண்ணனிடம் நீட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை.

சாப்பிடும் முன் இறந்தவரின் பேரைச் சொல்லுங்கள். "ஆச்சி இருந்தா இந்த பிரியாணியில உப்பு கம்மின்னு சொல்லியிருப்பாங்க" என்று யாராவது சொன்னால் மேசை ஒரு நொடி அமைதியாகி, பிறகு எல்லாரும் சிரிப்பார்கள், அழுவார்கள். இரண்டும் நடக்கட்டும். பக்கத்து வீடுகளுக்குத் தட்டு கொண்டுபோகும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்கு வந்த தட்டுகள் அவர்களுக்கு நினைவிருக்கும்.

எட்டாம் படி: 26க்குப் பிறகு

யாரும் திட்டமிடாத நாள் டிசம்பர் 26. பலகாரம் தீர்ந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, அரையாண்டு விடைத்தாள் வரப்போகிற பயம் தொடங்கும் நாள். மனம் சட்டென்று கீழே இறங்கும். நம் கடற்கரைக்கு அந்தத் தேதியே ஒரு காயம். 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கிறிஸ்மஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த காலையில் கடல் ஏறி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 8,000 பேர் வரை இறந்தார்கள். இன்றைய பதின்ம வயதுப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள், யாரைத் தேடினீர்கள், அடுத்த கிறிஸ்மஸை எப்படிக் கடந்தீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கடலோரத்தில் சொந்தம் இருந்தால் அன்று ஒரு போன் பண்ணுங்கள், பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள்.

31 ராத்திரி ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதைப்பற்றி ஒரு புலம்பல்: புது வருட ராசிபலன் மாதிரி அதைப் பிரித்து, "உனக்கு என்ன வந்துச்சு, எனக்கு நல்லதா வரல" என்று ஒப்பிடுகிறோம். பிள்ளையின் கையில் வந்த வசனம் எந்த அதிகாரத்தில், யாருக்கு, எந்தக் கஷ்டத்தில் சொல்லப்பட்டது என்று அன்றிரவோ மறுநாளோ சேர்ந்து தேடிப் பாருங்கள். பாதி வாக்குத்தத்தங்கள் ஊரை இழந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்குச் சொல்லப்பட்டவை என்று தெரியவரும்போது அட்டை கனத்துவிடும்.

ஜனவரி 6, நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்ததை நினைக்கும் நாள். அன்றுவரை நட்சத்திரத்தை இறக்காதீர்கள். மத்தேயு சொல்வதன்படி அவர்கள் தொழுவத்துக்கு வரவில்லை, வீட்டுக்குள் வந்தார்கள். தாமதமாகத்தான் வந்தார்கள். அன்று சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து குடிலைப் பிரியுங்கள். வைக்கோலுக்கு அடியில் இருக்கும் சீட்டை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். சொல்லப் பிடித்தவர் சொல்லலாம், கிழித்துப் போடலாம், அடுத்த வருடத்துக்கு அதே பெட்டியில் போட்டுவைக்கலாம்.

என் மகன் அவன் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்றுவரை என்ன எழுதியிருந்தான் என்று எனக்குத் தெரியாது. பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த நான், இந்தத் தடவையாவது கழுதையின் காதை ஒட்டிவிடலாம் என்று ஃபெவிகுவிக்கை எடுத்தேன்.

"வேண்டாம்மா," என்றான். "ஆச்சி கையிலேருந்து விழுந்து உடைஞ்சது. அப்படியே இருக்கட்டும்."

கழுதையை அவனே வாங்கி, இரண்டு தாளாகச் சுற்றி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.